தேதி போட்ட விதிகள்: கிட் திட்டத்தின் சி நடை ஆவணம்

2010 மே மாதம், நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) மென்பொருளின் மூலநிரலிலிருந்து சில காற்புள்ளிகள், அதாவது கமாக்கள், நீக்கப்பட்டன. மாறிலிகளுக்குப் பெயர் வைக்கும் ஈனம் (enum) பட்டியலில் கடைசிப் பெயருக்குப் பின்னாலும் ஒரு கமா போட்டு வைப்பது சி (C) மொழியில் நிரல் எழுதுபவர்கள் பலருக்குப் பழக்கம். நாளைக்கு இன்னொரு பெயர் சேர்த்தால் ஒரு வரிதான் மாறும், பேட்ச் (மாற்றத்தை மட்டும் காட்டும் கோப்பு) சுத்தமாக இருக்கும். ஆனால் சி மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரமான சி89-இல் அந்தக் கமாவுக்கு இடமில்லை. ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடும். ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் 5.1 இயங்குதளத்தில் இருந்த விஷுவல்ஏஜ் சி கம்பைலர் விடவில்லை. கிட்டைக் கம்பைல் செய்யவே மறுத்தது. அதனால் கமாக்கள் போயின. அடுத்த ஆண்டு மறுபடி எங்கோ முளைத்தன, மறுபடி களை எடுத்தார்கள்.

2012 பிப்ரவரியில், தேடும் வேலை செய்யும் கிரெப் கட்டளையின் உள்வேலையைச் சீரமைத்த ஒரு கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) அதே கமா மூன்றாவது முறையாக வந்து உட்கார்ந்தது. அந்தக் கமிட்டின் நோக்கம் வேறு, கமாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்த முறை யாரும் புகார் சொல்லவில்லை. ஒரு வெளியீடு போனது, இரண்டு போனது, பத்து போனது. கமா அப்படியே இருந்தது.

எழுதி வைத்த நடைவிதிகளில் இந்தக் கமாவைப் பற்றிய வரி வந்தது 2019 ஜூலையில். ஏழு வருடம் நிரல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது, ஆவணம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த ஏழு வருடத்தில் நடந்ததும், அதற்கப்புறம் கிட்காரர்கள் இந்த ஆவணத்தை எழுதும் முறையை மாற்றிக்கொண்டதும்தான் இங்கே பார்க்கப்போவது.

ஆவணத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். கிட் 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையிலிருந்து பராமரிப்பாளர் ஜூனியோ ஹமானோ. ‘கோடிங் கைட்லைன்ஸ்’ என்ற கோப்பு 2007-இல் சேர்ந்தது. அதன் முதன்மையான அறிவுரை எளிமையானது: சுற்றியிருக்கும் நிரல் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுது. அப்புறம்தான் டேப் 8 இடம், வரி 80 எழுத்துக்குள், பாயின்டரின் நட்சத்திரம் வகையோடு ஒட்டாமல் பெயரோடு ஒட்ட வேண்டும், ஒரே வரிதான் என்றால் இஃப்புக்கு நெளிவு அடைப்பு வேண்டாம் என்பதெல்லாம்.

இந்த விதிகள் ருசி சம்பந்தப்பட்டவை. ருசி பழசாகாது. நட்சத்திரம் எங்கே ஒட்ட வேண்டும் என்பதை 2007-இல் முடிவு செய்தாலும் 2027-இலும் அது முடிவுதான். ஆவணத்தில் இன்னொரு வகை வாக்கியமும் இருந்தது. ‘பழைய கம்பைலர்களையும் ஆதரிக்க முயல்கிறோம், ஆகவே சி99 இனிஷியலைசர்களைப் பயன்படுத்தாதீர்கள், நிறைய கம்பைலர்கள் புரிந்துகொண்டாலும் சரி’ என்கிற மாதிரியான வாக்கியம். (சி99 என்பது 1999-இன் தரம்; இனிஷியலைசர் என்றால் தொடக்க மதிப்பு கொடுப்பது.) படிக்கும்போது இதுவும் விதி மாதிரிதான் தெரியும். உண்மையில் இது உலகத்தைப் பற்றிய ஒரு தகவல்: ‘எங்கள் பயனர்களில் யாரோ ஒருவரிடம் இதைப் புரிந்துகொள்ளாத கம்பைலர் இருக்கிறது’. அந்த யாரோ ஒருவர் என்றைக்கு மெஷினை மாற்றுகிறாரோ அன்றைக்கு வாக்கியம் பொய்யாகிவிடும். அதை ஆவணத்துக்கு யாரும் வந்து சொல்லப்போவதில்லை.

நடை ஆவணங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஃபங்ஷன் பெயர் 31 எழுத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி. ஏன் என்று கேட்டால் ‘அப்படித்தான்’. 31 என்ற எண்ணே காட்டிக்கொடுத்தது: சி89 தரம் ஒரு கோப்புக்கு உள்ளேயே புழங்கும் பெயரில் முதல் 31 எழுத்தையாவது கம்பைலர் பிரித்தறிய வேண்டும் என்கிறது, அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. அந்த வரம்பில் இடித்துக்கொண்ட கம்பைலர் நான் சேருவதற்கு முன்பே அங்கிருந்து போய்விட்டிருந்தது. விதி மட்டும் ரிவ்யூவுக்கு ரிவ்யூ ஆட்களைக் கடித்துக்கொண்டே இருந்தது. காலாவதித் தேதி இருக்கும் பக்கம் கிழிந்துபோன மாத்திரை அட்டை மாதிரி: உள்ளே இருப்பது நல்லதா கெட்டதா என்று தெரியாது, தூக்கிப் போடவும் மனசு வராது.

கிட் இந்த இடத்தில் என்ன செய்தது என்பதற்கு 2017 ஜூலைக்குப் போக வேண்டும். சி99-இன் டெசிக்னேட்டட் இனிஷியலைசரை, அதாவது ஸ்ட்ரக்ட்டின் (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய வகையின்) உறுப்புகளைப் பெயர் சொல்லித் தொடக்க மதிப்பு கொடுக்கும் வசதியை, பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. ‘சி99 வராத கம்பைலர் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களா?’ என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள, கிட் நிரலாளர் ஜெஃப் கிங் ஒரு பேட்ச் அனுப்பினார். எஸ்டிஆர்பஃப் என்ற சரக் கட்டமைப்பின் தொடக்க மேக்ரோவில் (நிரல் துண்டுக்கு வைத்த சுருக்கப் பெயரில்) மூன்று உறுப்புகளையும் பெயர் சொல்லி எழுதினார். மாற்றம் அவ்வளவுதான்.

எஸ்டிஆர்பஃப்பைத் தேர்ந்தெடுத்ததில்தான் சாமர்த்தியம். கட்டும் முறையைச் சொல்லும் மேக்ஃபைலில் எந்தத் திருகைத் திருப்பினாலும் அந்தக் கோப்பு கம்பைல் ஆகியே தீரும். அதைத் தவிர்த்துவிட்டு யாரும் கிட்டைக் கட்ட (பில்ட் செய்ய) முடியாது. ஆக, உலகத்தில் எங்கேயாவது ஒரு கம்பைலர் சண்டை போட்டால் அந்த ஆள் கட்டாயம் வந்து சொல்வார். இன்னொன்று, அந்த மேக்ரோ பல வருடமாக மாறாதது. சிக்கல் வந்தால் ஒரே ஒரு இடத்தில் திருப்பிப் போட்டுவிடலாம், நடுவில் வேறு பேட்ச்கள் வந்து பின்னிக்கொள்ளாது. நான்கு நாள் கழித்து, கிளீன் கட்டளையின் கோப்பில் இதே வசதியை அரேக்கும் (ஒரே வகை மதிப்புகளின் வரிசைக்கும்) ஒரு இடத்தில் சோதித்தார்கள்.

இந்த மாதிரிச் சிறு சோதனையைக் கிட்காரர்கள் வானிலை பலூன், சோதனை பலூன் என்றெல்லாம் சொல்கிறார்கள். பறக்கவிட்டுக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது. நம்மூர் வழக்கில் சொன்னால் ஆழம் பார்க்கக் கால் வைப்பது. இரண்டு காலையும் வைக்காமல் ஒற்றைக் காலை மட்டும்.

சரி, பலூன் பறந்தது, யாரும் கத்தவில்லை. ஆனால் ஆவணத்தில் ‘சி99 இனிஷியலைசர் வேண்டாம்’ என்ற வரி அப்படியே இருந்தது. புதிதாக வரும் ஒருவர் ஆவணத்தைப் படித்தால் கூடாது என்கிறது. எஸ்டிஆர்பஃப்பைத் திறந்தால் இருக்கிறது. ‘சுற்றியிருக்கும் நிரலைப் பார்த்து எழுது’ என்றும் அதே ஆவணம் சொல்கிறது. எதைக் கேட்பது? ரிவ்யூ செய்பவரின் நினைவில் மட்டும் இருந்த பதில் அது. என் கணிப்பில் இதுதான் நடை ஆவணத்துக்கு நேரக்கூடிய மோசமான நிலை. ஆவணமே இல்லாவிட்டால் ஆட்கள் நிரலைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். தப்பான ஆவணம் இருந்தால், உண்மையாக அதைப் படித்தவர்தான் திட்டு வாங்குவார்.

2019 ஜூலையில் அந்த வரியைத் திருத்தினார்கள். திருத்திய விதம்தான் முக்கியம். ‘சி99 இனிஷியலைசர் இனி ஓகே’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக, புதிய தரங்களின் அம்சங்களைத் தவிர்க்கவும், ஆனால் சில விலக்குகள் உண்டு என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு விலக்குக்கும் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒன்று எழுதினார்கள். 2012 தொடக்கத்திலிருந்து, இன்ன கமிட்டிலிருந்து, ஈனத்தின் கடைசிக் கமா. 2017 நடுவிலிருந்து, இன்ன கமிட்டிலிருந்து, ஸ்ட்ரக்ட்டுக்கு டெசிக்னேட்டட் இனிஷியலைசர். அதே 2017 நடுவிலிருந்து, வேறொரு கமிட்டிலிருந்து, அரேக்கு. இவையெல்லாம் முன்பு தடை செய்யப்பட்டவை, உடைந்ததாக எந்தப் புகாரும் வரவில்லை, ஆகவே பாதுகாப்பானவை என்று கொள்கிறோம் என்று ஒரு முடிவுரை.

கமிட் எண் இருப்பதால் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்: அந்த வரி இன்னும் நிரலில் இருக்கிறதா? இருந்தால் விதி இன்னும் உண்மை. ‘நாங்கள் இதை நம்புகிறோம்’ என்று சொல்வதை விட ‘இது இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்வது எளிதில் சரிபார்க்கக் கூடியது.

அடுத்த கட்டம் 2021 நவம்பர். ஃபார் வளையத்தின் அடைப்புக்குள்ளேயே எண்ணி மாறியை அறிவிப்பது, அதாவது ‘இன்ட் ஐ’ என்று அங்கேயே எழுதுவது. சி99 வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியும் கிட்டில் இதற்குத் தடை. காரணம் இல்லாமல் இல்லை. ஜிசிசி 5-க்கு முந்தைய பதிப்புகள், வேறு எதுவும் சொல்லாவிட்டால், சி89-ஐ ஒட்டிய பழைய ஜிஎன்யூ90 முறையிலேயே கம்பைல் செய்யும். அந்த முறையில் இப்படி எழுதினால் பிழை. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7-உடன் வந்த ஜிசிசி 4.8-உம் அந்த ரகம். 2021-இல் அது இன்னும் எத்தனையோ சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை பலூனை விட்டது ஜூனியோ ஹமானோவே. வரலாற்றை நடந்து பார்க்கும் ரிவிஷன் கோப்பில் ஒரே ஒரு வளையம். அதுவும் தவிர்க்க முடியாத கோப்புதான்.

இந்தப் பலூனுக்கு ஆவணத்தில் கொடுத்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. ஃபார் வளையத்துக்குள் மாறியை அறிவிப்பது இன்னும் அனுமதிக்கப்படவில்லை. அனுமதிக்கும் வழியில் இருக்கிறோம். இன்ன கமிட்டுக்குப் புகார் வருகிறதா என்று காத்திருக்கிறோம். 2022 நவம்பர் வாக்கில் திரும்பப் பார்ப்போம். பொதுவாக நடை ஆவணங்களுக்கு ‘செய்யலாம்’, ‘செய்யக் கூடாது’ என்று இரண்டே காலம்தான் தெரியும். இங்கே மூன்றாவதாக ஒன்று வந்தது: ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம், இன்ன மாதம் சொல்கிறோம்’. நிரலில் ஓர் இடத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு ‘அங்கே இருக்கிறதே, நானும் எழுதினால் என்ன?’ என்று கேட்பவருக்கு அந்த வரியிலேயே பதில் இருக்கிறது. எல்லோரும் எழுத ஆரம்பித்துவிட்டால், சிக்கல் வரும்போது திருப்பிப் போட முடியாது. பலூன் ஒற்றையாகப் பறந்தால்தான் கயிற்றை இழுக்கலாம்.

ஏன் ஒரு வருடம் என்றும் கேட்கலாம். மெளனம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமானால் கேள்வி எல்லோர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அந்த வளையம் வெளியீட்டில் வந்தது 2022 ஜனவரியில், 2.35-இல். ஏஐஎக்ஸ் போன்ற இடங்களில் கிட் கட்டுபவர்கள் ஒவ்வொரு வெளியீட்டையும் அன்றைக்கே கட்டுவதில்லை. ஒரு மாத மெளனத்துக்கு அர்த்தமே கிடையாது.

இதே சமயத்தில் இன்னொரு பெரிய பலூனும் போனது: கம்பைலர் சி99-ஐயே அறிவிக்காவிட்டால் கட்டுவதை நிறுத்தி, ஒரு ஹெடர் கோப்பைப் படிக்கச் சொல்லும் சோதனை. கூடவே மேக்ஃபைலில் ஜிஎன்யூ99 கொடியையும் போட்டார்கள். ‘சி99 கூட வராத பழைய மெஷின்’ யாராவது வந்து கத்துவார் என்று எதிர்பார்த்தால், கத்தியது எதிர்ப்பக்கத்து ஆள். ஃப்ரீபிஎஸ்டி 13 இயங்குதளத்தின் சிஸ்டம் ஹெடர்கள் சி11 (2011-இன் தரம்) அம்சங்களை எதிர்பார்த்தன; ‘சி99-தான்’ என்று கட்டாயப்படுத்தியதும் உடைந்தன. பழசுக்காகப் போட்ட கொடி புதுசின் காலை வாரியது. யோசித்து எழுதிய விதிக்கும் சோதித்து எழுதிய விதிக்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்திருந்தால் இது யாருக்கும் தோன்றியிருக்காது.

2022 அக்டோபரில் ஆவணத்தில் ஒரு துப்புரவு நடந்தது. ஃபார் வளையத்துக்கு அனுமதி கிடைத்தது, சொன்ன தேதிக்குச் சற்று முன்னாலேயே. அதே தொடரில் ஒரு சங்கடமான உண்மையும் வெளியே வந்தது. கட்டமைப்பின் தொடக்க மதிப்பில் ஓடும்போதுதான் கணக்கிட முடிகிற கோவைகளைப் போடுவதும் சி89-இல் இல்லாத சலுகைதான். கிட் அதை 2007-இலிருந்தே பயன்படுத்தி வந்திருக்கிறது. நடை ஆவணம் பிறந்த அதே ஆண்டு! பதினைந்து வருடம் ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ‘2007 வாக்கிலிருந்து’ என்று அதற்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்தார்கள்.

அந்தத் துப்புரவில் வந்த ‘இன்னும் பயன்படுத்த முடியாதவை’ பட்டியல் சின்னது, ஆனால் ஒவ்வொரு வரியும் கற்றுக்கொடுக்கிறது. சைஸ்-டி (அளவுகளைக் குறிக்கும் எண் வகை) மதிப்பை அச்சிட பிரின்ட்எஃப்பில் இசட்-யூ (%zu) குறியைப் பயன்படுத்தாதே. மதிப்பை மிகப்பெரிய குறியிலா முழுஎண் வகைக்கு மாற்றி, அதற்கான மேக்ரோவோடு அச்சிடு. ஏன்? நாங்கள் நம்பியிருக்கும் மைக்ரோசாஃப்ட் கம்பைலர் பதிப்பு இதை இப்போது புரிந்துகொள்கிறது. விண்டோஸில் ஜிசிசியைத் தரும் மின்ஜிடபிள்யூ பயன்படுத்தும் சி நூலகம் புரிந்துகொள்ளாது. இந்தக் காரணம் எவ்வளவு துல்லியம் என்று பாருங்கள். ‘விண்டோஸில் வேலை செய்யாது’ என்று எழுதியிருந்தால், ஒருவர் தன் விண்டோஸில் கம்பைல் செய்துபார்த்து ‘செய்கிறதே!’ என்று வாதாடியிருப்பார். இப்போது விதி எந்த ஒற்றைக் காலில் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நூலகம் மாறும் நாளில் விதியையும் எடுத்துவிடலாம்.

இன்னொன்று, டெசிக்னேட்டட் இனிஷியலைசரில் இரண்டு புள்ளி வைத்து உள் உறுப்பின் உறுப்பை நேரடியாகச் சுட்டுவது. ஐபிஎம்மின் பழைய எக்ஸ்எல்சி கம்பைலரில் தடுக்கும், ஆகவே அடைப்புக்குள் அடைப்பாக எழுது. ஆவணம் இதற்கு, 2022 மார்ச்சில் கிட்டின் ரெஃப்டேபிள் பகுதியைச் சரிசெய்த கமிட்டைச் சுட்டுகிறது. மறுபடியும் ஏஐஎக்ஸ். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கமாவைத் தள்ளிவிட்ட அதே வீட்டுக்காரர்.

இவ்வளவும் மனிதர் படிக்கும் ஆவணம். மெஷின் பார்த்துக்கொள்ளக் கூடியதை ஆவணத்தை நம்பி விடாததும் கிட்டின் வழக்கம். 2018 ஜூலையில் வந்த ஒரு ஹெடர் கோப்பு இதில் தனி ரகம். ஸ்டிர்காப்பி, ஸ்டிர்கேட், எஸ்பிரின்ட்எஃப் போன்ற, சரங்களைக் கையாளும் ஆபத்தான ஃபங்ஷன்களை ‘பயன்படுத்தாதீர்கள்’ என்று எழுதி வைப்பதற்குப் பதிலாக, அந்தப் பெயர்களை மேக்ரோவால் வேறொரு பெயருக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்டிர்காப்பி என்று அடித்தால் கம்பைலர், ‘சாரி_ஸ்டிர்காப்பி_ஈஸ்_எ_பேன்ட்_ஃபங்ஷன்’ என்று ஒன்று இல்லையே என்று நின்றுவிடும். விதி, காரணம், மன்னிப்பு எல்லாம் ஒரே பிழைச் செய்தியில். இந்த விதி நிரலோடு முரண்படவே முடியாது, முரண்பட்டால் கட்டாது.

அதே மாதிரி, மாறிகளைத் தொகுதியின் தலையிலேயே அறிவிக்க வேண்டும் என்ற விதி. சி99 நடுவிலும் அறிவிக்கலாம் என்கிறது, கிட் வேண்டாம் என்கிறது. இது ருசி. ஆவணம் விதியோடு, அதைப் பிடிக்கும் கம்பைலர் எச்சரிக்கையின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறது. மேக்ஃபைலின் ‘டெவலப்பர்’ என்ற திருகைப் போட்டுக் கட்டினால் அந்த எச்சரிக்கை பிழையாகிவிடும். வளையத்துக்குள் அறிவிப்பதை அனுமதித்தபோது இந்த விதியைத் தொடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ‘சி99-தான் வந்துவிட்டதே’ என்று எல்லாக் கதவையும் திறந்துவிடவில்லை.

ஆவணத்துக்கும் கருவிக்கும் சண்டை வந்தால்? 2024-இல் வந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக வரும் ப்ரீபிராசசர் கட்டளைகளை (ஹேஷ் குறியில் தொடங்குபவை) எப்படி உள்தள்ளுவது என்று எழுதிய விதி எதுவும் இல்லை. ஹேஷ் குறிக்குப் பிறகு இடம் விடுவது என்று, நிரலின் நடையை ஒழுங்குபடுத்தும் கிளாங்-ஃபார்மேட் கருவியின் அமைப்பில் போட்டார்கள். எவ்வளவு இடம் என்று சொல்ல மறந்துபோனது. கருவி தன் போக்கில் ஒரு முழு டேப்பைத் தள்ளியது. கிட் நிரலில் எங்குமே அப்படி யாரும் எழுதியதில்லை. ஓரிடத்தில் ஒரு இடைவெளி, இன்னோரிடத்தில் இரண்டு என்று கலவையாகத்தான் இருந்தது. கடைசியில் ஒரு மட்டத்துக்கு ஓர் இடைவெளி என்று முடிவு செய்து, கருவியின் அமைப்பையும் ஆவணத்தையும் சேர்த்தே திருத்தினார்கள். ஆவணத்தில் எடுத்துக்காட்டோடு.

இப்படி ஜோடியாகத் திருத்துவதற்கு லினக்ஸ் கர்னலிலும் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலும்) நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2020 மே மாதம் 80 எழுத்து எச்சரிக்கையைத் தளர்த்தியபோது, பேட்ச்களைச் சோதிக்கும் செக்பேட்ச் நிரலின் வரம்பை 100 ஆக்கியதும், நடை ஆவணத்தின் வாசகத்தை மாற்றியதும் ஒரே கமிட்டில். 80 இன்னும் விருப்ப அளவுதான் என்று ஆவணம் சொல்கிறது. அதற்கு மேல் போனால் கருவி உடனே குரைக்காது. கிட் அந்தப் பக்கம் போகவில்லை, 80-லேயே நிற்கிறது.

அதே கிளாங்-ஃபார்மேட் கோப்பில் ஒரு சின்னச் சங்கதி, நான் வேலையில் அப்படியே எடுத்துக்கொண்டது. ‘ஃபார் ஈச்’ பாணி மேக்ரோக்களை வளையம் மாதிரி நடத்த வேண்டும் என்று கருவிக்குச் சொல்ல அவற்றின் பெயர்ப் பட்டியல் வேண்டும். நிரலில் புது மேக்ரோ சேரச் சேரப் பட்டியல் பின்தங்கும், அது இயற்கை. பட்டியலுக்கு மேலேயே, அதை எந்தக் கட்டளையால் நிரலிலிருந்து எடுத்தார்கள் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. கட்டளையை ஓட்டினால் புதுப் பட்டியல் கிடைக்கும். கையால் பராமரிக்கும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது தலைக்கு மேலே அந்த ஒரு வரி இருக்கிறதா என்றுதான்.

2024-இன் இறுதியில் இன்னொரு பலூன் போனது: காம்பவுண்ட் லிட்டரல், அதாவது ஸ்ட்ரக்ட் மதிப்பை அந்த இடத்திலேயே வகை சொல்லி உருவாக்குவது. 2025 ஜூலையில் ஆவணத்தில் ‘பறந்துகொண்டிருக்கும் பலூன்கள்’ என்ற பொருளில் இதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினார்கள். எந்த வெளியீட்டிலிருந்து பறக்கிறது என்றும், எல்லாம் சரியாக இருந்தால் 2026 நடுவில் முறைப்படி ஏற்போம் என்றும், அதுவரை புதிதாக எங்கும் சேர்க்க வேண்டாம் என்றும் அப்போது எழுதினார்கள்.